நாங்க இன்னும் செஞ்சு பாக்கல

ஜனவரி 5, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பு. குளிர். விரல் மடங்கவில்லை, சாக்பீஸ் இரண்டு தடவை கீழே விழுந்து உடைந்தது. நாலாம் வகுப்பு ஆறு பேர், ஐந்தாம் வகுப்பு ஐந்து பேர், என் அறையில் ஆக மொத்தம் பதினோரு பேர். எல்லாரும் வந்திருந்தார்கள், ஆறு பேருக்குச் சளி. பக்கத்து அறையில் ஒன்று முதல் மூன்று வரை, ஹெச்.எம். அருள் சார். இவ்வளவுதான் பள்ளி.

ஸ்டோர் ரூமில் பழைய கல் சிலேட்டு ஒரு அடுக்கு. யாரும் இப்போது அதில் எழுதுவதில்லை. கருப்பு, தட்டை. பனி படிந்தால் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். எடுத்துத் துடைத்தேன். ஹெச்.எம். எட்டிப் பார்த்தார். "அதை எதுக்கு டீச்சர் நோண்டறீங்க? ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்குதுங்க." ரிஜிஸ்டரில் இருந்தால் தொடக் கூடாதாம்! தொட்டேன். இன்னும் தொடுவேன்.

நாலு மணிக்கு நாலாம் வகுப்பு தர்ஷினியின் அம்மா மலர். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக் கூட அவிழ்க்காமல் நேராக வந்திருந்தார். கையில் மகளின் அறிவியல் நோட்டு.

"ஏனுங்க டீச்சர், என்ற புள்ளை எழுதுனது பூராம் தப்புங்களா?"

"இல்லீங்களே. யார் சொன்னா?"

"அப்புறம் ஒரு ரைட்டு கூட இல்லீங்களே!"

புரட்டிக் காட்டினார். உண்மைதான். 'மண்புழு எண்ணினேன். ஒன்பது. ஒன்று செத்துவிட்டது.' இதற்கு என்ன ரைட்டு போடுவது? ஒன்பது புழு ஒன்பது புழுதான். விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை கோத்தகிரியில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் படிக்கிறது. அதன் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் ரைட்டு, ஸ்டார், வெரி குட். வரும் சனிக்கிழமை தர்ஷினிக்கு அங்கே டெஸ்ட். பாஸானால் ஜூனில் ஐந்தாம் வகுப்பு அங்கேதான்.

"உங்க மேல குத்தம் சொல்லல டீச்சர். நானு எலை எடுத்தாச்சு. இதுவும் எடுக்கோணுமா?"

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. தர்ஷினி போனால் என் வகுப்பில் "ஏன்" என்று கேட்கிற ஒரே வாயும் போகிறது. எரிச்சலாக இருக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

சாக்ஸ் காயவில்லை. இருமல் மருந்து வாங்க வேண்டும்.

ஜனவரி 6, செவ்வாய்

பனி பாடம் ஆரம்பம். பனி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பதினோரு பேரும் ஒரே குரலில், "மேலேயிருந்து கொட்டுது டீச்சர்!" கொட்டுது, விழுது, இறங்குது. நானும் காலையில் பால்காரரிடம் "பனி என்னமா கொட்டுது" என்று சொன்னவள்தான். பாடம் நடத்த நான் வருவதற்கு முன்னாலேயே பேச்சு அவர்களுக்குப் பாடம் நடத்தி முடித்துவிட்டது.

அடுத்தது 'அமைப்பு'. பல பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வேலையை நடத்தினால் அது அமைப்பு என்று போர்டில் எழுதினேன். ஐந்தாம் வகுப்பு பிரவீன் கை தூக்கினான்.

"அமைப்புன்னா கொடி இருக்குமுங்களா டீச்சர்? எங்க மாமா ஒரு அமைப்புல செயலாளருங்க."

போச்சு. கால் மணி நேரம் கொடியின் நிறம், கூட்டம், பிரியாணி. அழித்துவிட்டு 'பனியோட கூட்டாளிங்க யாரு? எதிரிங்க யாரு?' என்று எழுதினேன். உடனே பிடித்துக்கொண்டார்கள். கூட்டாளி: குளிர், ஈரம், காற்று இல்லாமை, நட்சத்திரம் (தெளிந்த வானத்தை அப்படிச் சொல்கிறார்கள், இருக்கட்டும்). எதிரி: மேகம், வெயில், மரம், அடுப்பு. அடுப்பைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னேன், பிரவீன் எடுக்க மாட்டேன் என்றான்.

சாயங்காலம் சிலேட்டு வைத்த இடங்கள்:
மேல் – தண்ணீர்த் தொட்டி மேடு
நடு – பள்ளி மைதானம்
மரத்தடி – சில்வர் ஓக்
கீழ் – ஓடைப் பள்ளம், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கம்
மைதானத்திலேயே இன்னொன்று, பெஞ்சுக்கு அடியில்

எங்கே அதிகம் படியும்? நான் 'மேல்' என்று எழுதினேன். உயரம் கூடக் கூடக் குளிர் கூடும், இது கூடத் தெரியாதா. நான் எழுதியதும் பத்துப் பேரும் 'மேல்'. தர்ஷினி மட்டும் 'கீழ்'.

"பள்ளத்துலதான் செடி கருகும்னு எங்கம்மா சொல்லுமுங்க."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றேன். சொன்ன தொனி சரியில்லை. அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. நாளைக்கு அப்படிப் பேசக் கூடாது.

ஜனவரி 7, புதன்

மேகம். சிலேட்டில் ஈரம் மட்டும். பனி இல்லை.

பிரவீன் ரகசியம் போலப் பக்கத்தில் வந்து, "யாரும் பாக்கலீங்களே டீச்சர், லேசா வெள்ளையா இருந்துச்சுன்னு எழுதிக்கலாமுங்களா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மேஜையைத் தட்டினேன். "கண்ணால பாக்காததை எழுதக் கூடாது. செஞ்சு பாத்தா எழுது. இல்லைன்னா இன்னும் பாக்கலைன்னு எழுது. யாரு கேட்டாலும் சரி!" பதினோரு பேரும் குனிந்து 'ஒன்றும் இல்லை' என்று எழுதினார்கள். நல்ல பாடம் நடத்திவிட்டதாக எனக்கு ஒரு நிறைவு.

இருமல் அதிகம்.

ஜனவரி 8, வியாழன்

இன்றும் மேகம், கூடவே காற்று. சிலேட்டு ஒன்றை நாய் தள்ளிவிட்டிருந்தது.

ஹெச்.எம்.: "போர்ஷன் எங்கீங்க டீச்சர் நிக்குது?"

"பனிக்குக் காத்திருக்கோமுங்க சார்."

"பனி பரிச்சைக்கு வராதுங்க."

"ஊருக்கு வருதுங்களே சார்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மதியம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. பாவம், ரிப்போர்ட் எழுதுவது அவர்தான்.

சிலேட்டைத் திருப்பியும் வைத்தோம். வருகிறவரைக்கும் வைப்போம்.

ஜனவரி 9, வெள்ளி

வந்துவிட்டது!

ஆறே முக்காலுக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். மைதானப் புல்லில் கால் வைத்தால் நொறுங்குகிற சத்தம். ஏழு பேர் எனக்கு முன்னாலேயே நிற்கிறார்கள், ஒருத்திக்கு இடது காலிலும் வலது காலிலும் வேறு வேறு செருப்பு.

கீழ்: சிலேட்டு முழுக்க வெள்ளை. நகத்தால் கீறினால் பொடி.
நடு: பாதி.
மேல்: ஈரம்தான். வெள்ளை இல்லை.
மரத்தடி: ஒன்றுமில்லை.
பெஞ்சுக்கு அடியில்: ஒன்றுமில்லை.

போர்டில் பெரிதாக எழுதினேன்: 'டீச்சர் சொன்னது தப்பு. தர்ஷினி அம்மா சொன்னது சரி.' ஒரே கூச்சல். தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எப்படிச் சரி என்று பேசினோம். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம், காற்றில்லாத இரவில் தண்ணீர் போலப் பள்ளம் பார்த்து ஓடித் தேங்குகிறது. மலர் இது எதையும் படிக்கவில்லை. வருஷா வருஷம் கருகிய செடியைப் பார்த்திருக்கிறார்.

அதோடு விட்டால் பரவாயில்லை. பிரவீன் எழுந்தான். "பெஞ்சுக்கு அடியில இல்லீங்களே டீச்சர்! பெஞ்சு தடுத்திருச்சு. அப்போ மேலேயிருந்துதானே கொட்டுது?"

மாட்டிக்கொண்டேன். திறந்து கிடக்கும் சிலேட்டு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது, பெஞ்சு மூடினால் விடுவதில்லை, அதனால் அதிகம் குளிர்வதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னால் அது என் வார்த்தை, அவ்வளவுதான். "வேற எப்படிச் சோதிக்கலாம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டு மணி வரை பதில் இல்லை.

கை கழுவுகிற இடத்தில் தர்ஷினி வந்தாள். "டீச்சர், எல்லாப் பக்கமும் மூடிட்டா? டம்ளரைப் புல்லு மேல கவுத்து வெச்சா? கொட்டறதா இருந்தா உள்ள போகாதில்லீங்களா."

ஒன்பது வயது! அப்படியே தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வைப்போம் கண்ணு" என்றேன். நாளைக்கு அவளுக்கு டெஸ்ட். நல்லா எழுது என்று சொன்னேன், மனசார.

ஜனவரி 12, திங்கள்

வானம் தெளிவு. நேற்று கவிழ்த்த டம்ளர்களை ஏழரைக்குத் திறந்தோம். எல்லாவற்றிலும் உள்பக்கம் ஈரம், கீழ்ப் பள்ளத்து டம்ளரில் சின்னச் சின்ன ஐஸ் மணி. பிரவீன் டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்க்கிறான், தட்டுகிறான், ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறான்.

"மூடித்தானே இருந்துச்சு. எப்படிங்க உள்ள போச்சு?"

யாரோ சன்னமாக, "போகலையோ என்னமோ. உள்ளயே இருந்திருக்கும்."

இன்னொருத்தி, "காத்துலயா?"

"மண்ணுலயிருந்துங்களா டீச்சர்?"

போர்டைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். சந்தோஷத்தில் முகம் என் பேச்சைக் கேட்கவில்லை. இந்த வேலைக்கு வந்து பதினாறு வருஷம், இப்படி ஒரு காலை மூன்றோ நாலோ கிடைத்திருக்கும்.

பதினோரு மணிக்கு மலர் வந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு. முகம் சிவந்து கிடந்தது. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"என்ற புள்ளையை ஒரு வருசம் பின்னாடி தள்ளிட்டீங்களே டீச்சர்!"

நடந்தது இது. டெஸ்டில் கணக்கு, தமிழ் எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறாள். அறிவியலில், 'விதை முளைக்கத் தேவையான மூன்றை எழுதுக.' தர்ஷினி எழுதியது: 'நாங்க இன்னும் செஞ்சு பாக்கல.' அடுத்த கேள்வி இலை எப்படி உணவு தயாரிக்கிறது. 'நாங்க இன்னும் செஞ்சு பாக்கல.' அதற்கடுத்ததும் அதே.

"அந்த மிஸ் படிச்சுட்டு இன்னொரு மிஸ்ஸுகிட்டக் காட்டுச்சு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல ஆயிருச்சுங்க. சேக்கறதுன்னா திருப்பியும் நாலாவதுலதானாம். வேணும்னா இருவத்தி நாலாந்தேதி இன்னொருக்கா எழுதட்டும்னாங்க."

தர்ஷினி எழுந்து நின்றாள். அழவில்லை. "பாக்காததை எழுதக் கூடாது, யாரு கேட்டாலும் சரின்னு டீச்சர்தானே சொன்னாங்க."

முதலில் எனக்குத் தொண்டை வரை சிரிப்பு வந்தது, கடவுளே, விழுங்கிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. மேஜையைத் தட்டிச் சொன்னது நான். நோட்டு வேறு, பரீட்சைத் தாள் வேறு என்று சொல்லாமல் விட்டதும் நான்தான். எங்கள் அறைக்கு வெளியே வேறு மாதிரிக் கேட்பார்கள் என்பதை நானே மறந்திருந்தேன்.

"மலர், தப்பு என் மேலதானுங்க. இருபத்து நாலாம் தேதி இவ பாஸாவா. நான் பொறுப்பு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாஸானா இங்கிருந்து போயிருமுங்களே."

"தெரியுமுங்க."

சொல்லிவிட்டேன். இனி பின்வாங்க முடியாது. பின்வாங்கவும் மாட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

சாயங்காலம் ஒரு மணி நேரம், தர்ஷினிக்கு மட்டும். எங்கே ஆரம்பிப்பது என்று பஸ் ஸ்டாப்பில் நின்று யோசித்ததில் பஸ்ஸையே விட்டேன்.

"பரிச்சையில கேக்கறது நீ பாத்தியான்னு இல்ல கண்ணு. புஸ்தகம் என்ன சொல்லுதுன்னு. அதை எழுது."

"அது பொய்யில்லீங்களா?"

"இல்ல. வேற ஒருத்தர் செஞ்சு பாத்து எழுதி வெச்சது. அவங்க பேச்சை நம்பி நாம எழுதறோம்."

"நெசமாலுமே பாத்தாங்களா?"

"பாத்திருப்பாங்க."

"பாத்திருப்பாங்கன்னா?"

கடைசியில் ஓர் ஒப்பந்தம். விடையைப் புத்தகத்தில் உள்ளபடி எழுத வேண்டும். தன் நோட்டில் மட்டும், தான் பார்க்காததற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம். புள்ளி வைத்தவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது என் பொறுப்பு. யோசித்துவிட்டுச் சரி என்றாள். பேரம் படிந்த வியாபாரி மாதிரி.

அவளை உடைக்காமல் இதைச் செய்ய வேண்டும். அதுதான் பயம்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கலுக்குச் சொந்த ஊர் சத்தி போய்த் திரும்பியாயிற்று. வெல்லம், பச்சரிசி, மொச்சை, நிலக்கடலை தூக்கி வந்தேன். தோள் வலி.

அங்கே இருக்கும் என் வீட்டுக்காரரிடம் கதையைச் சொன்னேன். கரும்பைக் கடித்தபடியே கேட்டார். "உன்ற வகுப்புப் புள்ளையை நீயே டியூசன் எடுத்து அடுத்த ஸ்கூலுக்கு அனுப்பறியா? நல்ல பொளப்பு!" கோபத்தில் கரும்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். ஆனால் அவர் சொன்னது பஸ்ஸில் வழி முழுக்கக் கூடவே வந்தது. கல்லட்டியாக இருந்தாலும் குஞ்சப்பனையாக இருந்தாலும் மலை ஏறுகிற பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும். இன்று அதுகூட வரவில்லை.

அவள் போகட்டும் என்று முழு மனசோடு எண்ண முடியவில்லை. போகாதே என்று தடுக்கவும் எனக்கு உரிமை இல்லை. மலர் கேட்டது நியாயமான கேள்வி.

ஜனவரி 20, செவ்வாய்

ஹெச்.எம்.முக்கு விஷயம் எட்டிவிட்டது.

"ஜூன்ல அஞ்சாவது போறதோட இதுவும் போகுமுங்க டீச்சர். தலை எண்ணிக்கை குறைஞ்சா பக்கத்து ஸ்கூலோட சேத்துருவாங்க. நீங்களே வழியனுப்பி வெக்கறீங்க!"

"ஆமாங்க சார்."

"ஆமாங்கறீங்க!"

"நான் பண்ணின தப்புங்க. நான்தான் சரி பண்ணோணும்."

தன் அறைக்குப் போய்விட்டார். மூன்றரை மணிக்கு வந்து என் மேஜையில் இரண்டு தாளை வைத்தார். மாதிரி வினாத்தாள், அவருடைய முத்து முத்தான கையெழுத்தில், கோடு போட்டு, மதிப்பெண் எல்லாம் பிரித்து. "அந்தப் புள்ளைக்கு நேரம் பாத்து எழுதப் பழக்குங்க" என்றார். இந்த மனுஷனிடம் போய் வாயாடியிருக்கிறேன்.

ஜனவரி 22, வியாழன்

மாதிரித் தேர்வு. எல்லாக் கேள்விக்கும் விடை. காற்று, நீர், வெப்பம் என்று அழகாக எழுதினாள். நோட்டில் பதினான்கு புள்ளி.

"இதெல்லாம் எப்பங்க டீச்சர் செய்யறது?"

"செய்யலாம்."

"ஜூனுக்கு முன்னாடியா?"

சாக்பீஸ் தேடுகிற மாதிரி டிராயரைத் திறந்து மூடினேன்.

ஜனவரி 24, சனி

எட்டுப் பத்து பஸ்ஸில் அம்மாவும் மகளும் போனார்கள். ஜன்னலில் கையாட்டினாள். துணி துவைத்தேன். சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். பிறகு இரண்டு தடவை போட்டேன்.

பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிஜமாகத்தான்.

ஜனவரி 26, திங்கள்

வெயில், நல்ல வெயில். கொடியேற்றம். பிரவீன் உறுதிமொழியில் ஒரு வரியை விட்டுவிட்டான், யாரும் கவனிக்கவில்லை. மிட்டாய் பற்றாமல் ஹெச்.எம். கடைக்கு ஆள் விட்டார்.

மலர் பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார். கூட்டம் கலைகிறவரை சுவரோரம் நின்றார். அப்புறம் வந்து, "பாஸுங்க டீச்சர்" என்றார். "அஞ்சாவதுலயே சேத்துக்கறாங்க."

"சந்தோஷமுங்க." சொல்லிவிட்டேன். முழுக்கப் பொய்யும் இல்லை.

அவர் நகரவில்லை.

"அங்க ஒரு சயின்ஸ் ரூமுங்க. கண்ணாடிக் கதவு. உள்ள என்னென்னமோ அடுக்கி வெச்சிருக்காங்க. இது போயி மூஞ்சியக் கண்ணாடில ஒட்டி வெச்சுட்டு வரவே மாட்டேங்குது. எப்பங்க தொடலாம்னு அந்த மிஸ்ஸக் கேக்குது. எட்டாவதுக்கு மேலதானாம்."

"ஓ."

"வரும்போது பஸ்ஸுல ஒரு வார்த்தை பேசலீங்க டீச்சர். எப்பப் பாத்தாலும் தொணதொணங்கற புள்ளை."

பக்கத்தில் தர்ஷினி மிட்டாய்த் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போறது போறதுதானுங்க. அதுல மாத்தமில்லை" என்றார் மலர். "ஜூன் வரைக்கும் இது உங்க புள்ளை. அதுக்குள்ள என்னென்ன தொடோணுமோ எல்லாத்தையும் தொட வெச்சிருங்க."

சரிங்க என்று தலையை ஆட்டினேன். அவர் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். உள்ளங்கையில் கொழுந்துக் கறை, பட்டுச் சேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் புள்ளி, விதை முளைப்பது. மொச்சை ஊறப் போட்டாயிற்று. நாளைக்கு எட்டு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன், பதினோரு பேரையும்.